முதல் சொட்டு யார் கையால்?

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள். விண்ணப்பம் போடவில்லை, நேர்முகத் தேர்வு நடக்கவில்லை, என்ன பதவி என்றும் யாரும் சொல்லவில்லை. குழந்தையின் படுக்கையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 'பேபி ஆஃப்' என்று எழுதி அதற்குப் பின்னால் உங்கள் பெயரைப் போட்டிருப்பார்கள். பதவி அதுதான். குழந்தைக்கு இன்னும் பெயரில்லை. உங்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் இனிமேல் அதைச் சொல்லி யாரும் கூப்பிடப்போவதில்லை.

நான் அந்தப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். சித்தூரில் மாம்பழக் கூழ் டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். அந்த வேலையில் இன்னும் ஓய்வு பெறவில்லை. என் மகள் வீட்டில் இருக்கிறாள். நேற்று என் அடையாள அட்டையின் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, யார் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் நான் முடிவைத்தான் முதலில் கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள்.

இயந்திரங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. எந்த மணி எதற்கு அடிக்கிறது என்பதை நீங்களே சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். அப்புறம் கணவருக்கு வகுப்பெடுப்பீர்கள். நான் எழுத வந்தது மனிதர்களைப் பற்றி. அவர்களுக்குத்தான் கையேடு கிடையாது.

முதலில் பதவி வரிசை. தாய்மார்கள் தங்கும் அறையில் படிப்பு, வசதி, ஊர்ப் பெருமை எதுவும் செல்லாது. அதிக நாள் இருப்பவர் தலைமை. அடுத்து, எடை குறைந்த குழந்தையின் தாய். முழு எடையில் பிறந்து, மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் படுத்திருக்கும் குழந்தையின் தாய் அழுதால் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் நாற்காலி தரமாட்டார்கள்.

நான் சேர்ந்தபோது தலைமைப் பொறுப்பில் இருந்தவள் என்னைவிட இளையவள். புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் சீனியர் என்று கூப்பிடுவோம். என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "வா யக்கா. எத்தினி கிராம்?"

சொன்னேன்.

"பரவால்ல. என் புள்ளையவிட ரெண்டு தக்காளி ஜாஸ்தி" என்று சொல்லி, காற்றாடிக்குக் கீழே இருந்த கட்டிலைக் காட்டினாள்.

டாக்டரிடம் கேள்வி கேட்பது எப்படி என்பதை அவளிடம்தான் கற்றேன். டாக்டர் சுற்றி வரும் நேரத்துக்கு நான் தயாராக இருப்பேன். கைபேசியில் கேள்விகளை முக்கியத்துவப்படி அடுக்கி, தலைப்புப் போட்டு, கிளைக் கேள்விகளும் வைத்திருப்பேன். எங்கள் தொழிற்சாலைக்கு ஆய்வுக்கு வருகிறவர்களைச் சமாளித்த அனுபவம். டாக்டர் முதல் கேள்விக்கு, "ஸ்டேபிளா இருக்கா" என்பார். இரண்டாவது கேள்வியை நான் விரலால் தள்ளி எடுப்பதற்குள் அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். ஸ்டேபிள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் என்ன செய்வது? என் கணவர் முரளி அதை ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார். ஊரில் அதை, "நல்லா ஆயிடுச்சாம்" என்று எடுத்துக்கொண்டு, "எப்போ வீட்டுக்கு?" என்று கேட்பார்கள்.

சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "சார், நேத்து நைட்டு உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா? என் புள்ளைய நெனைச்சா இன்னிக்கு வருமா?"

டாக்டர் நின்றுவிடுவார். ஒரு நாள் அவர் கொஞ்சம் யோசித்து, "இன்னிக்கு கொஞ்சம் வரும்மா" என்றார். என் பட்டியலில் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து எனக்கு அப்படியொரு பதில் கிடைத்ததில்லை. அன்று முதல் நான் பட்டியலை விட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவளுடைய கேள்வியைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது பார்வையாளர்கள். திருப்பதியில் குழந்தை தீவிரப் பிரிவில் இருப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உங்களைப் பார்ப்பதற்கென்று யாரும் வரமாட்டார்கள். எல்லோரும் மலைக்கு வருவார்கள். இறங்குகிற வழியில் உங்களையும் பார்ப்பார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், கையில் லட்டுப் பையுடன், தரிசன வரிசையில் தாங்கள் பட்ட பாட்டை உங்களிடம் சொல்வார்கள். "எத்தினி நேரம் நின்னோம் தெரியுமா? காலு வீங்கிப் போச்சு. நீ கொடுத்து வெச்சவம்மா, சேர்ல உக்காந்துக்கினு கீற." எனக்கு அப்போது தையல் பிரிக்கவில்லை. எங்கள் அறையில் லட்டு இல்லாத அலமாரி கிடையாது. வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், பாதுகாவலர்களுக்குக் கொடுங்கள். பாதுகாவலர்களும் வேண்டாம் என்பார்கள். அவர்களிடமும் இருக்கும்.

இவர்களால் பெரிய ஆபத்தில்லை. லட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். பஸ் ஏறாதவர்கள்தான் உண்மையான சோதனை. சொந்தக்காரர்கள்.

என் கணவரின் ஊர் விஜயபுரம் பக்கம். நெல்லும் நிலக்கடலையும் போடும் குடும்பம். மாமனார் இல்லை. அவருடைய அண்ணன்தான் குடும்பத்துக்குத் தலைவர். நான் பெரிய மாமா என்பேன். முரளிக்குப் பெரிநைனா. பால் சொசைட்டியில் முன்பு தலைவராக இருந்தவர். சொசைட்டி அவரை விட்டுவிட்டது, அவர் தலைமையை விடவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும். ஆகவே குழந்தை பிறந்தால் முதல் வேலை, நல்ல குணமுள்ள ஆள் யார் என்று தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் தேர்வாவார். தேர்ந்தெடுப்பதும் அவர்தான். பெரிய மாமா. அவர் தொட்டு வைத்த பிள்ளைகளை நான் ஒரு தரக் கட்டுப்பாட்டாளரின் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் மூன்று கட்சியில் இருந்துவிட்டு நான்காவதற்குக் காத்திருக்கிறார். ஒருத்தி சென்னையில் கணக்குத் தணிக்கை செய்கிறாள், ஊருக்கு வருவதில்லை. ஒருவர் என் கணவர். பெரிய மாமா பேச்சை நிறுத்தமாட்டார், முரளி ஆரம்பிக்கமாட்டார். முடிவுகளுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு முறையைப் பரிந்துரைத்தால் என்னை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

மாம்பழ சீசனின் நடுவில், நாள் நிறையும் முன்பே எனக்கு வலி வந்தது. சித்தூரில் கையை விரித்துத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். மகள் பிறந்தவுடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சில நாள் கழித்துக் குழாய் வழியாக என் பாலைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு ஊதிவிட்டது. குழாயில் பித்தம் பச்சையாகத் திரும்பி வந்தது. டாக்டர் இந்த முறை ஸ்டேபிள் என்று சொல்லவில்லை.

"குடல் தாங்கல. கொஞ்ச நாள் வயித்துக்கு முழு ரெஸ்ட். வாய் வழியா ஒண்ணும் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணிகூட. புண்ணாகி ஓட்டை விழுந்துச்சுன்னா ஆபரேஷன். அதைத் தாங்கற எடை பாப்பாகிட்ட இல்ல."

இதை முரளி ஊருக்குப் போனில் சொன்னார். ஊரில் கேட்டது ஒரே ஒரு சொல்தான். ஒன்றும் கிடையாது. "அய்யய்யோ, கொயந்த நாக்குல இன்னும் ஒண்ணுமே படலியா?" என்று பெரிய மாமா மறுநாளே சின்ன பாட்டிலில் தேனுடன் வந்து இறங்கினார். என் மாமியாரும் கூட வந்தார். அவரை நான் அத்தை என்பேன்.

நடைபாதையில் நின்று நான் விளக்கினேன். கூழ் டின்களில் எதற்குப் பயப்படுகிறோமோ அதே வகைக் கிருமிதான் தேனிலும் இருக்கும், அதைத் தடுப்பதே என் தொழில். தேன் தானாகக் கெடாது, ஆனால் அதற்குள் சில கிருமிகள் விதை மாதிரி உறங்கிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் வயிற்றில் முளைக்காது, கைக்குழந்தை வயிற்றில் முளைத்துவிடும், உடம்பே துவண்டுபோகும், நன்றாக இருக்கும் குழந்தைக்கே ஒரு வயது வரை கூடாது என்றேன். நிதானமாக, படிப்படியாகச் சொன்னேன். இன்று யோசித்தால் எனக்கே கைதட்டத் தோன்றுகிறது.

பெரிய மாமா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "தேன் துன்னு செத்தவன் ஒருத்தன் பேரச் சொல்லு."

பெயரை யோசிக்கத் தொடங்கினேன்.

"பாத்தியா. சாமிக்கு அபிஷேகம் பண்ண தேன்மா இது. சாமிக்கு ஒண்ணும் ஆவல."

அப்போதுதான் எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. புத்திசாலித்தனமான யோசனைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிறந்த அன்றே என் பாலில் ஒரு சொட்டைப் பஞ்சில் தோய்த்து, பணியில் இருந்த சிஸ்டர் குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவியிருந்தார். எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் செய்வதுதான். "மாமா, முதல் சொட்டு வெச்சாச்சு. சிஸ்டர் வெச்சிட்டாங்க" என்றேன். இடம் நிரம்பிவிட்டது என்று அறிவித்தால் விண்ணப்பங்கள் நின்றுவிடும் என்பது என் கணக்கு. நம் ஊரில் நிரம்பிய இடத்துக்குத்தான் சிபாரிசோடு வருவார்கள் என்பது நினைவில்லை.

பெரிய மாமாவின் முகம் மாறியது. "எந்த சிஸ்டரு?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த சிஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. காட்டினேன்.

"இன்னா ஆளுங்க அவங்க?"

நான் பதில் சொல்வதற்குள் சுவரில் சாய்ந்திருந்த சீனியர் சொன்னாள். "ஆஸ்பத்திரி ஆளுங்க, பெரியவரே."

அன்று முழுவதும் விசாரணை நடந்தது. எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, கோபக்காரியா, எங்கே படித்தாள். மருந்துக் கடை, கேன்டீன், வாசலில் கழுதைப்பால் விற்கிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்தக் குடும்பம் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சீனியர் வேறு தாராளமாகத் தகவல் வழங்கினாள்.

"கடப்பா பக்கம். புருஷனோட இல்ல, தனியா கீறாங்க. புல்லட் ஓட்டுவாங்க. கை கழுவலன்னு பெரிய டாக்டரையே ஒரு வாட்டி வெளிய அனுப்பிட்டாங்க."

"ஏன்டி இப்படிச் சொன்ன?" என்று தனியாகக் கேட்டேன்.

"புல்லட்டு மட்டும்தான்கா பொய். ஸ்கூட்டிதான்."

பெரிய மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண் குழந்தை. புருஷனோடு வாழாதவளின் குணம், அதுவும் டாக்டரையே வெளியே அனுப்புகிற குணம், படிந்துவிடக் கூடாது. தீட்டுக் கழிக்கிற நாளுக்குள் நல்ல கையால் தேன் வைத்து அதை மாற்றிவிட வேண்டும். முரளி முதல்முறையாக வாயைத் திறந்தார். "பெரிநைனா, டாக்டரு வேணான்னு..."

"நீ இன்னாத்துக்குடா பேசற? உனக்கு வெச்சதும் நான்தான்."

முரளி மூடிக்கொண்டார்.

பெற்றோர் அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதுதான் என் ஒரே தைரியம். ஆனால் வாரத்தில் ஒரு பிற்பகல், பாட்டி தாத்தாவில் ஒருவர் மட்டும் சில நிமிடம் வந்து பார்க்கலாம். மறுநாளே அந்தப் பிற்பகல் வந்தது, அத்தைக்கு அனுமதி கிடைத்தது. அத்தை அதிகம் பேசாதவர். பெரிய மாமா இருக்கும் இடத்தில் உட்காரவும் மாட்டார். எனக்கும் அவருக்கும் கல்யாணமானதிலிருந்து சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. சாப்பாடு பரிமாறுகிற அளவுக்கான பழக்கம்.

வாசலில் வளையல், மோதிரம் எல்லாம் கழற்றினார். முழங்கை வரை சோப்புப் போட்டார். சொல்லிக்கொடுத்ததைவிட அதிக நேரம் கழுவினார். சிஸ்டரே, "சாலும்மா, போதும், தோல் வந்துடும்" என்றார். புடவைக்கு மேலே பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

என் மகள் மேலிருந்து சூடு தரும் திறந்த வார்மரில் படுத்திருந்தாள். வயிற்றில் தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. அத்தை குனிந்து பார்த்தார். பக்கத்துக் குழந்தைக்கு ஏதோ மணி அடித்தது, சிஸ்டர் அங்கே திரும்பினார். அத்தையின் கை அங்கிக்குள் போனது. இடுப்பிலிருந்து ஒரு குங்குமச் சிமிழ் வெளியே வந்தது. சுண்டுவிரல் அதற்குள் போய் வந்தது. நுனியில் தேன் மின்னியது.

இந்த இடத்தில் கவனியுங்கள், இதுதான் நமது வேலையின் கடினமான பகுதி. எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, சத்தம் போடுவது. சிஸ்டர் ஓடி வருவார், அத்தை எல்லோர் முன்னாலும் அவமானப்படுவார், இனி வாசலுக்குக்கூட வரமாட்டார். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தால் நான் வேலைக்குப் போகும்போது அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். இரண்டு, கையைப் பிடித்து இழுப்பது. குழந்தையின் மேல் இத்தனை வயர்கள், குழாய்கள். இழுபறியில் எது எதோடு வரும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வழியை யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். விரல் குழந்தையின் உதட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து, அந்த விரலை என் வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆமாம். மாமியாரின் சுண்டுவிரலை. முழுவதும் சப்பிவிட்டுத்தான் விட்டேன். ஒரு தரக் கட்டுப்பாட்டாளராக இதையும் பதிவு செய்கிறேன், அந்தத் தேனில் வெல்லப்பாகு கலந்திருந்தது.

"இன்னாம்மா இது!" அத்தை விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வெச்சிட்டீங்க அத்தை. போதும். எங்கிட்ட இருந்துதானே அவளுக்குப் பால் போவப்போவுது. எனக்கு வந்தா அவளுக்கும் வரும்."

அத்தை என்னையே பார்த்தார். கேட்டார். "அப்போ என் குணம் உனக்குல்ல வந்துடும்?"

"வரட்டும்."

அதற்குள் சிஸ்டர் திரும்பிவிட்டார். அவர் பார்த்தது, ஒரு பெண்மணியின் ஈரமான விரலும், உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என்னையும். "ஏமிதி? என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? கை வாயில வெக்கிறது சின்னப் பிள்ளைங்களா நீங்க? வெளிய போங்க! சேதுலு கடுக்கோண்டி, முதல்ல இருந்து!"

ஒரே குழாயடியில் இருவரும் நின்று கை கழுவினோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மாமாவை ஜெயித்துவிட்ட சிரிப்பு. அவர் அனுப்பிய ஆள்தானே இவர், அவர் சொன்னதற்காகத்தானே செய்தார் என்று நினைத்தேன். "மாமா கேட்டா வெச்சாச்சுன்னு சொல்லுங்க அத்தை. பொய் இல்லையே" என்றேன்.

அத்தை சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அவரு சொன்னாருன்னு நான் வெக்கல" என்றார்.

"அப்புறம்?"

"முரளிக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. பொண்ணு. இதே மாதிரி சின்னதா. இதோ வெக்கிறோம், அதோ வெக்கிறோம்னு நல்ல நேரம் பாத்துக்கினு இருந்தாங்க. அதுக்குள்ள போயிடுச்சு." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூடவில்லை. "ஒண்ணுமே நாக்குல படாம போச்சும்மா. இந்த ஒலகத்துல இனிப்புன்னு ஒண்ணு கீதுன்னுகூட தெரியாம. எனக்குக் குணம் கினம் ஒண்ணும் வேணாம். இதுவும் அப்படிப் போயிடக் கூடாதுன்னுதான்."

இந்த விஷயத்தை முரளி என்னிடம் சொன்னதே இல்லை. அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குழாயை நான் மூடினேன். முந்தைய நாள் நடைபாதையில் நான் எடுத்த வகுப்பில் இந்தக் கேள்வி வரவேயில்லை. "அத்தை, முதல் நாள் சிஸ்டர் தடவினது என் பால். தாய்ப்பால் இனிப்பாதான் இருக்கும்" என்றேன்.

"நீ துன்னு பாத்தியா?"

"பாத்தேன்." உண்மைதான். தொழில் பழக்கம்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே இனிப்பு அத்தை. அந்தத் தேனைவிட."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையை உதறிவிட்டு, சிமிழை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கழிவுத் தொட்டியில் போட்டேன். மஞ்சள் பையா சிவப்புப் பையா என்று ஒரு கணம் யோசித்தது மட்டும் உண்மை.

புதிதாக வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்தும் யாரோ ஒருவர் எதையோ மறைத்துக்கொண்டு வருவார். விபூதி, தீர்த்தம், கறுப்புக் கயிறு, கழுதைப்பால். எதையும் உள்ளே விடாதீர்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் தடுத்துவிட்ட பிறகு, வாசலில் நின்று ஏன் கொண்டுவந்தார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். கிருமியைப் பற்றிய வகுப்பை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு அது தேவைப்படாது. மீதிப் பேர் பெரிய மாமா மாதிரி. அவர்களுக்கு எப்போது எடுத்தாலும் பயனில்லை.

என் மகளின் வயிறு மெதுவாக இறங்கியது. பச்சை நின்றது. ஒரு காலை டாக்டரிடம் சீனியரின் கேள்வியை நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தூங்குவேன்" என்றார். மத்தியானம் மறுபடியும் பால் ஆரம்பிக்கலாம் என்று எழுதினார்.

பால் கொடுப்பது என்றால் நீங்கள் நினைப்பது மாதிரி இருக்காது. மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயின் நுனியில், உள்தண்டு இல்லாத சிரிஞ்சை மாட்டி, அதில் பாலை ஊற்றித் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அது தானாக இறங்க வேண்டும். இறங்கும்வரை கை ஆடக் கூடாது. அவ்வளவுதான். தாய்மார்களிடம் அந்த வேலையைக் கொடுப்பார்கள். அன்று பாட்டிகளுக்கு அனுமதியுள்ள நாள். சிஸ்டர் என்னிடம் நீட்டியபோது, நான் அத்தையைக் காட்டினேன்.

சிஸ்டர் அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "விரல் வாய்க்குப் போகாதே?"

"போவாதும்மா" என்றார் அத்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

அத்தை பிடித்தார். நாற்று நட்ட கை, களை பறித்த கை, கொஞ்சமும் ஆடவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. பாலின் மட்டம் சிரிஞ்சில் ஒரு கோடு இறங்கியது, நின்றது. நாங்கள் மூன்று பேரும் நின்றோம். சிஸ்டர்கூட அந்த நேரத்தில் யாரையும் திட்டவில்லை. பிறகு இன்னொரு கோடு இறங்கியது. என் மகள் சப்புக்கொட்டினாள். குழாய் வழியாக உள்ளே போகிறதைத் தானே குடிக்கிறதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மிச்சமில்லாமல் இறங்கியது. வயிறு ஊதவில்லை.

வெளியே பெரிய மாமா காத்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. தன் தேன் வேலை செய்துவிட்டது என்று பாதுகாவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். "பாலு குடுத்தாங்களாமே. யார் கையால?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் முன்னால் வந்து நின்றார். அந்த மனிதர் எதிரே அவர் அப்படி நேராக நின்று நான் பார்த்ததில்லை.

"யாரும் குடுக்கல மாமா" என்றார். "நாங்க சும்மா புடிச்சிக்கினு இருந்தோம். அதுவே குடிச்சிக்கிச்சு."

அடுத்த வேளைப் பாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அத்தை அதற்குள் கை கழுவப் போய்விட்டார்.